ஆயிரமாவது ஆறு நிமிடம்

மனித குலம் இதுவரை சாதித்தவற்றைப் பட்டியல் போட்டால், நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எங்கள் சுங்கச் சாலையின் 'விரைவு உதவி மைய'த்தை வைக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால்கூட வைக்கலாம். சக்கரம் காற்றுப் போய் வழியில் நின்றுவிடுகிறது. எங்கள் மையம் அப்படி ஒருநாளும் நின்றதில்லை.

எங்கள் சாலையில் நீங்கள் எந்த இடத்தில் நின்றுபோனாலும் ஆறே நிமிடத்தில் உதவி வந்து சேரும். சாவடியில் தரும் ரசீதின் பின்பக்கம் இதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். வெறும் வாய்ச்சொல் என்று நினைத்துவிட வேண்டாம். நான் அங்கே பதில் நேர அலுவலர். ஆறு நிமிடம் ஆகிறதா என்று கடிகாரத்தைப் பார்ப்பது என் வேலை. ஏழாவது நிமிடம் வராமல் பார்த்துக்கொள்வது என் திறமை.

இந்தச் சாதனை சும்மா வந்துவிடவில்லை. எங்கள் சாலையின் நடுவே இடுப்பளவு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் ஒன்று ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் மையமும், உதவி வண்டி நிற்கும் கொட்டகையும் இருக்கின்றன. இதை நாங்கள் 'நம் பக்கம்' என்போம். சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிகள் எதிர்த் திசையில் போகும். அது 'எதிர்ப் பக்கம்'. நம் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் போக வேண்டுமானால் பத்தொன்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே திரும்பி வருவதற்குள், பழுதாகி நிற்கிறவர் எங்களைப் பற்றித் தவறாக நினைக்கத் தொடங்கிவிடுவார்.

முதல் வருடம் இதனால் சராசரி முப்பத்தொரு நிமிடம் ஆனது. எங்கள் மேலாளர் மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். நான்காம் நாள் ஒரு சுற்றறிக்கையோடு வெளியே வந்தார். 'பழுதான வாகனத்துக்கு நேராக, இடையில் சுவர் இருப்பினும் இல்லாவிடினும், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உதவி ஊர்தி வந்து நின்றால், உதவி வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.'

சராசரி மறுநாளே ஆறு நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு சுவரை இடிக்காமல், ஒரு சாலை போடாமல், ஒரு தாளை வைத்தே இருபத்தைந்து நிமிடத்தை ஒழித்த மனிதரை நான் இன்றைக்கும் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

"வந்து நின்னா மட்டும் வண்டி ஓடிடுமா சார்?" என்று எங்கள் மெக்கானிக் அன்றைக்குக் கேட்டார். எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"உதவி வந்துச்சா, அதுதான் நம்ம வேலை. வண்டி ஓடறது அந்த வண்டியோட சொந்த விஷயம்" என்றார் மேலாளர்.

மெக்கானிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உதவி வண்டியை ஓட்டுவதும் அவர்தான், அதில் உள்ள கருவிகளுக்குப் பொறுப்பும் அவர்தான். ஜாக்கி, காற்றுப் பம்பு, இழுவைக் கயிறு, நாற்பது வகை ஸ்பேனர் எல்லாம் வண்டியில் உண்டு. எதையும் அழுக்காக்காமல் வைத்திருக்கிறோம். வந்து சேர்ந்த நான்கு நிமிடத்தில் வண்டி சர்வீஸ் ரோடு வழியாகக் கொட்டகைக்குத் திரும்பக் கிளம்பிவிட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் அடுத்த அழைப்புக்கும் ஆறு நிமிடத்தில் போக முடியும். நான்கு நிமிடத்தில் ஆறுதல் சொல்லலாம். எங்கள் சேவையைப் பற்றிய துண்டறிக்கையைக் கொடுக்கலாம். வேறு என்ன வேண்டும் என்று கேட்கலாம், பதிலுக்குக் காத்திருக்கத்தான் நேரம் இருக்காது.

இப்படியாக, ஒன்றுகூடத் தவறாமல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு அழைப்புகளை ஆறு நிமிடத்தில் முடித்த நிலையில் அந்தக் காலை வந்தது.

ஆயிரம் அழைப்புகளைத் தொடர்ந்து இப்படி முடிக்கும் மையத்துக்குச் 'சாலைச் சேவைத் தங்க விருது' என்று ஒன்று உண்டு. மூன்று நடுவர்கள் வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்தரைக்கு அவர்கள் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இன்னும் மூன்று பேர் வழியில் நின்றுபோக வேண்டும். மேலாளர் ஜன்னல் வழியே சாலையைப் பார்ப்பதும், கைகளைப் பிசைவதுமாக இருந்தார். ஒரு நல்ல காரியத்துக்கு நாலு பேர் உதவ மாட்டார்களா என்ற ஏக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. அத்தனை வண்டிகளும் கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. நானே எடுத்தேன்.

"வணக்கம். விரைவு உதவி மையம். உங்க வண்டி என்ன நிறம்?"

"டேய், நான்தான்டா."

என் அக்கா. கூடப் பிறந்தவள். ஆனால் எங்கள் அழைப்புகள் எல்லாம் ஒலிப்பதிவாகின்றன. நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் பதினோரு கட்டங்கள் இருக்கின்றன. உறவுமுறைக்குக் கட்டம் இல்லை.

"நிறம் சொல்லுங்க மேடம்."

"மேடமா? அந்த வண்டிய வாங்கறப்ப நீதானடா கூட வந்த. நீலம். பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இல்ல. ஜாக்கிய உன் மாமா எடுத்து வாஷிங்மெஷின் ஆடாம இருக்க அடியில முட்டுக் குடுத்து வச்சிருக்காரு."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் அவரும்தான். பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூடா. இங்கருந்து இன்னும் நாப்பது நிமிஷம் போகணும். ஒரு ஜாக்கி மட்டும் அனுப்பு போதும், நானே மாத்திக்குவேன்."

"கிலோமீட்டர் கல்?"

"நாப்பத்தொண்ணு."

"நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமா?"

"உனக்கு எதிர்ப் பக்கம்."

'அழைப்பவரின் குரல்' என்ற கட்டத்தில் 'பழக்கமானது' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பதற்றம்' என்று திருத்தினேன். வானிலையும் குறித்துக்கொண்டேன். என்ன வேலைக்கு இன்டர்வியூ என்று கேட்கவில்லை. அதற்குக் கட்டம் இல்லை. வண்டிக்கு என்ன கோளாறு என்பதற்கும் கட்டம் இல்லை, அவளாகவே சொன்னதால்தான் தெரிந்தது.

அறையின் பெரிய திரையில் நாற்பத்தோராம் கல்லின் கேமராப் படம் விரிந்தது. நீல வண்டி நடுச்சுவரை ஒட்டி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு, சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். மாமா அவளுடைய சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, எங்கள் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அச்சில் வந்த எதையும் நம்புகிறவர் அவர். நாட்டில் இன்னும் நாலு பேர் இப்படி இருந்தால் எங்களுக்கு விருதே தேவைப்படாது.

ஐந்து நிமிடம் ஐம்பது நொடியில் உதவி வண்டி, சுவருக்கு நம் பக்கத்தில், நீல வண்டிக்கு நேராக வந்து நின்றது. திரையில் எண் 998 ஆனது. நடுவர்கள் கைதட்டினார்கள்.

மெக்கானிக்கின் சட்டையில் மாட்டிய வாக்கிடாக்கி வழியாக அங்கே பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"பாரு, சொன்ன மாதிரியே வந்துட்டாங்க" என்றார் மாமா.

"தம்பி, அந்த ஜாக்கிய இப்படிக் குடுங்க" என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவே ஏழெட்டு அடியும் ஒரு சுவரும்தான் இருந்தன.

"குடுக்க முடியாதுக்கா. ஆபீஸ் பொருள் சுவரத் தாண்டக் கூடாது. நானும் தாண்டக் கூடாது. பாதுகாப்பு விதி."

"அப்ப சுத்திக்கிட்டு வாங்க."

"பத்தொம்பது கிலோமீட்டர் போய்த் திரும்பணும். நாலு நிமிஷத்துல கொட்டகைக்குக் கிளம்பணும்னும் விதி இருக்கு."

"அப்ப எதுக்குய்யா வந்தீங்க?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் ரொம்ப நாளா அந்தச் சந்தேகம் இருக்குக்கா" என்றார். துண்டறிக்கையை மட்டும் சுவருக்கு மேல் நீட்டினார். அதற்கு அனுமதி உண்டு. மாமா ஆவலோடு வாங்கிக்கொண்டார்.

"உங்க கேஸ் முடிஞ்சுபோச்சு. முடிஞ்ச கேஸைத் திரும்பத் திறக்க முடியாது. புதுசாக் கூப்பிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அக்கா புதிதாகக் கூப்பிட்டாள். நான் புதிதாக நிறம் கேட்டேன். அவள் சொன்ன நிறத்தை இங்கே எழுத முடியாது. பத்து நான்குக்கு மெக்கானிக் மறுபடி சுவரருகே நின்றார். எண் 999 ஆனது. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு நடுவர் மட்டும் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"இதே நீல வண்டிதானே முன்னாடியும் வந்துச்சு?"

"ஆமா சார்" என்றார் மேலாளர் பூரிப்போடு. "நம்ம சேவையை ஒரு தடவை பார்த்தவங்க திரும்பத் திரும்பக் கேக்கறாங்க."

நடுவர் 'வாடிக்கையாளர் விசுவாசம்: மிக அதிகம்' என்று குறித்துக்கொண்டார்.

ஒரே பஞ்சருக்கு இரண்டு வெற்றி. இன்னும் ஒன்று வேண்டும். மெக்கானிக் கொட்டகைக்குத் திரும்பும்வரை பத்து நிமிடம் காத்திருந்தோம். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூப்பிடுவாங்களா?" என்று மெல்லக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னிடம் ஒரு பழுதான வாகனத்தைப் பற்றி அக்கறையோடு விசாரித்தார்.

பத்து பதினான்குக்கு மணி அடித்தது. மாமா.

"மாப்ள, பிரமாதம். ரெண்டு தடவையும் ஆறே நிமிஷம். வாட்ச்ச வச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சு இந்தச் சொன்ன சொல் தவறாத..."

பாதியில் போன் கை மாறியது. அக்கா இப்போது கத்தவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது.

"தம்பி, பிள்ளைங்களுக்காக வேலைய விட்டு பன்னெண்டு வருஷமாச்சு. எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டேன்னு உனக்கே தெரியும். இப்பதான் ஒரே ஒரு இடத்துல வான்னு கூப்பிட்டிருக்காங்க. இது போச்சுன்னா இனிமே நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன்டா."

எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தைப் பார்த்தேன். பதினோரு கட்டங்களில் எதிலும் அதை எழுத இடமில்லை. திரையைப் பார்த்தேன். 999.

"வண்டி என்ன நிறம் மேடம்?" என்று கேட்டேன்.

போன் வைக்கப்பட்டது. நிறம் எனக்குத் தெரிந்ததால் அழைப்பைப் பதிவு செய்வதில் சிரமம் இல்லை.

மெக்கானிக் கிளம்பும்போது வாக்கிடாக்கியில் சொன்னேன். "அவங்க என் அக்கா. கொஞ்சம் பார்த்துக்கோங்க."

"விதிப்படி பார்க்கவா சார், நிஜமாவே பார்க்கவா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் நேர அலுவலர் பதில் சொல்லாமல் இருந்தது என் பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான்.

பத்து இருபதுக்கு உதவி வண்டி சுவரருகே நின்றது. எண் 1000. அறையே எழுந்து நின்றது. மேலாளர் நடுவர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, அந்த வேகத்தில் என் கையையும் குலுக்கினார். யாரும் திரையைப் பார்க்கவில்லை, நானும் வட்டக் கண்ணாடியும் தவிர.

திரையில் மெக்கானிக் வண்டியிலிருந்து இறங்கினார். எங்கள் மையத்தின் பெயர் தைத்த சட்டையைக் கழற்றினார். ஒழுங்காக மடித்து, வாக்கிடாக்கியோடு சுவரின் மேல் வைத்தார். பிறகு பனியனோடு, ஜாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு, சுவரைத் தாண்டினார். ஒரே எட்டுதான். இரண்டு வருடமாக நாங்கள் ஒரு சுற்றறிக்கையால் தாண்டிக்கொண்டிருந்த சுவர் அவ்வளவு சின்னது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யார் அது?" என்றார் வட்டக் கண்ணாடி.

மேலாளர் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு நொடி வெளுத்தது. அவர் சாதாரண மனிதர் அல்லவே, உடனே சமாளித்துக்கொண்டார். "பொதுமக்களில் ஒருத்தர் சார். நம்ம வண்டி வந்து நிக்கறதைப் பார்த்து உற்சாகமாகித் தானா முன்வந்திருக்கார்."

நடுவர் 'பொதுமக்கள் பங்கேற்பு: சிறப்பு' என்று எழுதிக்கொண்டார். பத்தரைக்கு அவர்கள் போய்விட்டார்கள்.

சுவர் மேல் கிடந்த வாக்கிடாக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நட்டுகள் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் வேலை சுலபம் என்றார் மெக்கானிக். "யாருக்கா இவ்வளவு நல்லாத் தளர்த்தினது?" என்று கேட்டார். "கோபம் தளர்த்துச்சு" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா மட்டும் கவலையோடு, "தம்பி, நீங்க அந்த ஆறு நிமிஷ ஆளா, இல்ல வேற ஆளா?" என்று விசாரித்தார். சட்டை இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து முப்பத்து மூன்றுக்கு நீல வண்டி ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

நிம்மதியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விருதுக்காக வந்த ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மேலாளர் என் தோளைத் தட்டினார்.

விருது வந்தது. ஒரு அடி உயரத்தில், பொன் நிறத்தில், ஓடுகிற வண்டியின் உருவத்தில் செய்திருந்தார்கள். எங்கள் அறையில் அதற்கு முன் அப்படி ஒரு வண்டியை நாங்கள் பார்த்ததில்லை.

விருதைப் போலவே ஒழுங்கும் முக்கியம். மறுநாள் மெக்கானிக்குக்கு மெமோ கொடுக்கப்பட்டது. எழுதியது நான்தான். அலுவலகத்தில் என் கையெழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கும். குற்றச்சாட்டுகள் நான்கு. பணி நேரத்தில் சீருடையைக் களைந்தது, தடுப்புச் சுவரைத் தாண்டியது, அலுவலக ஜாக்கியை அனுமதியின்றி எதிர்ப் பக்கம் கொண்டுபோய் அழுக்காக்கியது. நான்காவது பத்தியில், 'மேற்படி செயல்களின் விளைவாக, பழுதாகி நின்ற நீல நிற வாகனம் காலை 10.33 மணிக்கு நகர்ந்து சென்றுவிட்டது' என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, 'சென்றுவிட்டது' என்ற சொல்லில் போதிய கண்டனம் தொனிக்கிறதா என்று கேட்டார். தொனிக்கிறது என்றேன். மெக்கானிக் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டார். சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "துவைச்சுத்தான் சார் கொண்டாந்திருக்கேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவிடமிருந்து மூன்று வாரம் போன் இல்லை. இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை. பிறகு ஒருநாள் மையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'சுங்கச் சாலைப் பயணிகள் குறைகேட்பு அலுவலகம்' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே புதிய அலுவலரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் சின்ன வயதில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக வாங்கியிருக்கிறேன்.

பதின்மூன்று நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறாள். ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். வேறு கேள்வியே கேட்கவில்லையாம். இதையெல்லாம் மாமாதான் போனில் சொன்னார். எங்கள் துண்டறிக்கையையும் அவர்களிடம் காட்டியதாகப் பெருமையோடு சொன்னார்.

கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'தாங்கள் விருது பெற்ற ஆயிரம் அழைப்புகளில், தங்கள் ஊழியர் உதவியால் வாகனம் நகர்ந்தவை எத்தனை? ஏழு நாளுக்குள் எழுத்துப்பூர்வமான சான்றுடன் தெரிவிக்கவும்.'

"உங்க அக்காதானே, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்றார் மேலாளர்.

"பேசினேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"என் வண்டி என்ன நிறம்னு கேட்டா."

நானும் மேலாளரும் ஆறு நாள் உட்கார்ந்து ஆயிரம் படிவங்களைப் புரட்டினோம். ஒவ்வொன்றிலும் பதினோரு கட்டங்களும் நிரம்பியிருந்தன. நிறம் இருந்தது, வானிலை இருந்தது, குரல் இருந்தது, வந்து சேர்ந்த நேரம் நொடி சுத்தமாக இருந்தது. எந்த வண்டியும் அங்கிருந்து கிளம்பியதாக ஒரு வரி இல்லை. எங்கள் பதிவேட்டின்படி தொள்ளாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள் இன்னும் அந்தச் சாலையில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

ஏழாம் நாள் காலையில் தேடியது கிடைத்தது. என் அழகான கையெழுத்திலேயே பதில் எழுதி, மேலாளரிடம் கையொப்பம் வாங்கி, முத்திரை வைத்து அனுப்பினேன்.

'வாகனம் நகர்ந்ததற்குச் சான்றுள்ள அழைப்பு: ஒன்று. சான்று: எங்கள் மெக்கானிக் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள், பத்தி நான்கு.'